காதுக்காரரும் சிவப்பு விளக்கும்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சின்மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடி, இடது கையை உயர்த்துகிறார் காதுக்காரர். அந்தக் கை உயர்ந்துவிட்டால் பட்டறையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஓரத்து நாற்காலியிலிருந்து மனைவி எழுந்து மின்விசிறியை நிறுத்துவாள். வண்டிக்காரர் வந்த இருமலை விழுங்கிக்கொள்வார். சற்றுப் பொறுத்துக் கண் திறக்கும். "மூணாவது சிலிண்டர். வால்வு தட்டுது. சாவியக் குடுத்துட்டுப் போங்க." தீர்ப்பு அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

வாசலில் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது, "காதுக்காரர் பட்டறை" என்றால்தான் கைகாட்டுவார்கள். மனிதருக்கு அதில் கொள்ளைப் பெருமை. குளிக்கும்போது இரண்டு காதிலும் பஞ்சு, குளிர்காலத்தில் மஃப்ளர். அளக்கும் கருவி எதையும் பட்டறைக்குள் விடமாட்டார். "முள்ளு பொய் சொல்லும். இரும்பு பொய் சொல்லாது" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் தலையாட்டுகிறாரா என்று பார்ப்பார்.

அந்தக் காது கொஞ்ச காலமாகச் சரியில்லை. அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு டிவியில் வாசிக்கும் செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் படுத்தபடியே கேட்டுக்கொள்கிறார். "இப்பல்லாம் எவனும் வாயத் தொறந்து பேசுறதில்ல" என்று காதுக்காரர் டிவியைக் குறை சொல்வார். போனை இரண்டு முறை மாற்றியாயிற்று. மனைவி சாப்பிடக் கூப்பிடும் குரலைக் கேட்டுப் புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்கிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்று அவள் ஒரே ஒருமுறை சொன்னாள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. காது போய்விட்டது என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார் என்று அவளுக்குப் பயம். அதனால் வாயை மூடிக்கொண்டு, குரலை மட்டும் உயர்த்திக்கொண்டாள்.

இப்படியிருக்கையில்தான் அவள் தம்பியின் வாடகைக் கார் வந்து சேர்ந்தது. எஞ்சின் சூடேறி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கியது. காதுக்காரர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது. ஸ்க்ரூடிரைவர் காதுக்குப் போனது.

"சத்தமே இல்ல. ஆயில் ஓடலன்னா எஞ்சின் கத்தும் மாப்ள. இது கம்முனு கெடக்கு. சுவிட்ச்தான் பொய் சொல்லுது."

"மாமா, டக்கு டக்குனு அடிக்குதே..."

"உனக்கு வண்டிச் சத்தமே கேட்டதில்லயா? போய் ஓட்டு."

அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சை மாற்றினார். விளக்கு மறுபடி எரிந்தது. புதிய சுவிட்சும் போலி என்று திட்டிவிட்டு இன்னொன்று மாட்டினார். அதுவும் எரிந்தது. கடைசியில் கறுப்பு டேப்பைக் கிழித்து விளக்கின்மேல் ஒட்டி, "இப்ப எரியுதா?" என்று கேட்டார். எரியவில்லைதான். எதிர்ச்சாரி டீக்கடைக்காரருக்குக் கேட்கும் டக்கு டக்கு, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவருக்குக் கேட்கவில்லை.

தம்பி மறுபடி வந்தபோது அவன் முகமே சரியில்லை. "நாளைக்கு ஒரு குடும்பத்த மலைக்கு ஏத்திட்டுப் போறேன்க்கா. கைக்குழந்தை இருக்கு. பாதி வழியில எஞ்சின் இறுகிப்போச்சுன்னா என்ன பண்ணுவேன்?" அக்காவிடம்தான் சொன்னான், மாமாவிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

அவள் ஃபில்டர் பெட்டிகளுக்கு அடியிலிருந்து எண்ணெய் அழுத்தம் காட்டும் ஒரு பிரஷர் மீட்டரை எடுத்தாள். எப்போது வாங்கினாளோ!

"என்னங்க, இத ஒருதடவ மாட்டித்தான் பாருங்களேன்."

"இந்தப் பொம்மைய நம்பியா நான் இத்தன வருஷம் பட்டறை நடத்துறேன்?"

"நம்ப வேணாம். பொய்தான்னு எனக்குக் காட்டுங்க."

இந்த இடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். பொய்யை நிரூபிக்கும் ஆசை யாரைத்தான் விட்டது? சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மீட்டரின் குழாயைத் திருகி, எஞ்சினைக் கிளப்பினார். முள் உயரத்தில் நின்றது. "பாத்தியா?" என்றார். எஞ்சின் சூடேற ஏற முள் சரியத் தொடங்கி, ஏறக்குறைய அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கண்ணாடியைச் சுண்டினார். அசையவில்லை. மீட்டரே கோளாறு என்று பக்கத்தில் நின்ற வேறொரு காரில் மாட்டி, அதையும் சூடேறவிட்டுப் பார்த்தார். அங்கே முள் விறைப்பாக நின்றது.

காதுக்காரர் தம்பியின் காருக்கு அடியில் நுழைந்தார். எண்ணெயை வடித்து, அடிச்சட்டியைக் கழற்றினார். பம்ப் எண்ணெய் உறிஞ்சும் சல்லடை தார் பூசியதுபோல் அடைத்துக் கிடந்தது. எண்ணெய் நிறைய இருந்தும் மேலே ஏற வழியில்லை. பேரிங்கைக் கழற்றி விரலால் தடவினார். லேசான கீறல்தான். ஆனால் மலை ஏறியிருந்தால் கதையே வேறு. அந்த விரலை அவர் வெகுநேரம் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். திட்டினாலாவது தேவலை என்று மனைவிக்குத் தோன்றியது.

சல்லடையைக் கழுவி, பேரிங் மாற்றி, புது ஃபில்டரும் எண்ணெயும் போட்டு முடித்தபோது தம்பிக்கு உயிர் வந்தது. எஞ்சின் சூடேறியும் முள் நின்ற இடத்தில் நின்றது. மீட்டரைக் கழற்றிச் சுவிட்சைத் திரும்ப மாட்டிவிட்டு, விளக்கின் மேலிருந்த டேப்பைக் காதுக்காரரே பிய்த்தெறிந்தார். விளக்கு எரியவில்லை.

"அப்ப எடுத்துக்கவா மாமா?"

"இருடா. கேக்க வேணாமா?"

ஸ்க்ரூடிரைவர் எஞ்சின்மேல் இறங்கியது. மரப்பிடி காதில் பதிந்தது. கண்கள் மூடின, இடது கை உயர்ந்தது. மனைவி மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். தம்பி மூச்சை அடக்கிக்கொண்டான். எஞ்சின் சீராக ஓடியது.

கை இறங்கவில்லை. மூடியிருந்த கண்களில் ஒன்று மெல்லத் திறந்து, பானெட்டின் ஓரமாக நழுவி, நாற்காலியைத் தேடிப் போனது. அவள் கொஞ்சமாகத் தலையசைத்தாள். கண் மறுபடி மூடிக்கொண்டது.

"சத்தமே இல்ல மாப்ள" என்று கையை இறக்கினார் காதுக்காரர்.