ரோஸ்லின் அக்காவின் பாதிப் பாட்டு

ரோஸ்லின் அக்கா காலையில போயிட்டாங்க.

வாட்ஸ்அப்ல "இன்னிசைக் குயில்"னு போஸ்டர் சுத்துது. குயிலாம்! உயிரோட இருந்தப்போ இந்தத் தென்காசியில ஒருத்தன்கூட அப்படிச் சொன்னதில்ல.

அறுபதுகள்ல எங்க மெல்லிசைக் குழுவுல அவங்க ஒரே பெண் குரல். நான் மைக்செட். குற்றாலம் சீசன்ல அவங்க பாட ஆரம்பிச்சா, அருவியில குளிச்சிட்டு ஈரத்துண்டோட போறவங்ககூட நின்னுடுவாங்க.

கல்யாண வீட்டுல சினிமாப் பாட்டு பாடுறாங்கன்னு சர்ச் கொயர்ல இருந்து எடுத்துட்டாங்க. சரி, கல்யாண வீட்டுலயாவது மதிச்சாங்களா?

மேடையில பாடுற பொண்ணு பக்கத்துல வீட்டுப் பொம்பளைங்க சாப்பிட உட்கார மாட்டாங்க. எங்க ஆம்பளை வரிசையிலயும் அவங்க உட்கார முடியாது. சமையல்கட்டு ஓரமா நின்னுகிட்டே சாப்பிடுவாங்க... நாங்க பார்த்துகிட்டே பாயசம் குடிச்சோம்.

ஒரு ரிசப்ஷன். எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க, பாட்டு கேட்டு ஒரு சீட்டும் வரல. அக்கா திடீர்னு, தானே எழுதின பாட்டை எடுத்தாங்க. எங்களுக்கே அதுதான் முதல் தடவை.

"ஊருக்கெல்லாம் இலை போட்டாச்சு... நான் எந்தப் பந்தியில உட்கார..."

மாப்பிள்ளையோட அப்பா எச்சில் கையோட ஓடி வந்தார். "ஏலே, என்னலே பாடுதா இவ? எங்க வீட்டுல சோறு போடலன்னு மைக் வச்சு ஊருக்குச் சொல்லுதாளா? நிப்பாட்டுலே!"

நிப்பாட்டுனேன். ரெண்டாவது சரணத்துல, வால்யூமை மொத்தமா குறைச்சுட்டேன். "அக்கா, கரண்ட் போயிட்டு"ன்னேன்.

மேல ட்யூப்லைட் எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. "சரி தம்பி"ன்னு இறங்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க மேடையே ஏறல. என்னை எங்க பார்த்தாலும் "நல்லாருக்கியா தம்பி"ன்னுதான் கேப்பாங்க. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்னைக்கு அவங்க தங்கச்சி மக கேக்கா... "மாமா, பெரியம்மா சொந்தமா ஒரு பாட்டு கட்டினாவளாம்லா? ஒங்களுக்குத் தெரியுமா? அடக்கத்துல பாடுவோம்."

பாடிக் காட்டினேன். ரெண்டாவது சரணத்துல நின்னு போச்சு.

"மீதி என்ன மாமா?"

தெரியாதும்மா. பாட விட்டாத்தானே தெரியும்.

போயிட்டு வாங்கக்கா... என்னை மன்னிக்கவெல்லாம் வேண்டாம்.