அமாவாசை ஆட்டம்

தியேட்டர் பதிவேட்டில் மரியம்மாளைப் பற்றி ஒரே வரிதான்: 'வாகன நிறுத்தப் பணியாளர், திரையிடலுடன் தொடர்பற்றவர்.' பதினொரு வருடத்தில் ஒரு படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் படம் விட்டு வருகிறவர்களின் முகத்தைத்தான்.

வெள்ளியன்று வந்த படம் அட்டர் ஃப்ளாப். திங்களன்று மேனேஜர் ராஜகோபால் போஸ்டரைக் கிழிக்க ஏணி கேட்டார்.

மரியம்மாள் தடுத்தார். "இருங்க சார். ஹிட்டு படம் விட்டா வண்டிய எடுத்துக்கினு ஓடிடுவாங்க. இதுக்கு வந்த ஒம்போது பேரும் வண்டிமேல குந்திக்கினு இன்னும் அதையே பேசிக்கினு இருக்கறாங்க."

"ஒம்போது பேருக்கு ஏசி போட முடியுமாம்மா?"

"பிள்ளையார்பாளையத்து நெசவாளருங்க எல்லாம் தறியில இருக்கறாங்க சார். அமாவாசைக்குத்தான் அவங்களுக்கு லீவு. நாளன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம் போடுங்க. கூட்டம் வரலன்னா என்னை நிறுத்திடுங்க."

ராஜகோபால் ஏணியைத் திருப்பி அனுப்பினார். மரியம்மாள் சொல்லிவிட, அந்த ஒன்பது பேரும் இரண்டு நாள் தெருத்தெருவாகப் படத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். அமாவாசை மதியம் தறிச்சத்தம் அடங்கிய தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வண்டி டோக்கன் தீர்ந்துபோய், மரியம்மாள் பழைய காலண்டரைக் கிழித்து எண் எழுதிக் கொடுத்தார். படம் மேலும் இரண்டு வாரம் ஓடியது.

பதிவேட்டை யாரும் திருத்தவில்லை. அந்தப் படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. தோற்றுப்போன ஒரு படத்தை மரியம்மாள் மறுபடி ஓடவைத்தார்.