முப்பது மீட்டர் சரிவும் ஒரு கையெழுத்தும்

2004ஆம் ஆண்டு, ஆடி மாதம். திண்டுக்கல்லில் சாலைகளை வடிவமைத்துத் தரும் ஒரு சிறு அலுவலகத்தில் முதுநிலைப் பொறியாளராக இருந்தேன். என் மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

வடமதுரைக்கு அருகே ஓர் ஓடைப் பாலத்துக்காகக் கிராமத்துச் சாலையை ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டி உயர்த்த வேண்டியிருந்தது. சாலையின் பக்கச் சரிவு கடுமையானது. ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர்தான் இடம். சம்பங்கித் தோட்டங்களுக்குப் பாதை பிரியும் இடத்தில் மட்டும், ஒரு மீட்டர் இறங்கப் பத்து மீட்டர் கொடுத்திருந்தோம். கணினியில் வரைந்தவர் இவ்விரு சரிவுகளையும் ஒரே புள்ளியில் முட்ட விட்டிருந்தார். மென்பொருள் மறுப்பேதும் சொல்லவில்லை. தாளில் அது நேரான ஒரு கோடு. மண்ணில் அது ஒரு சுவர். பூ ஏற்றி வருபவர் விளிம்பில் ஒரு முழம் தவறித் திரும்பினால் மொபெட்டோடு கீழே விழ வேண்டியதுதான்.

ஒரு சரிவு மற்றொன்றாக மாற முப்பது மீட்டர் தூரமாவது வேண்டும், இல்லாவிட்டால் வரைபடத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.

அலுவலகத்தின் உரிமையாளர் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர். வரைபடத்தை உடனே அனுப்பியாக வேண்டிய நெருக்கடி அவருக்கு.

"ஏலே, கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிருச்சு. ஒனக்கென்னடா?"

"கம்ப்யூட்டர் மொபெட் ஓட்டாது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசு சரியில்லாதப்ப எல்லாம் பள்ளமாத்தான்டா தெரியும். பத்து நாள் லீவு போடு. நான் வேற ஆள் வச்சுக் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

நாற்பது நாளாக எல்லாரும் இப்படித்தான். என் சொல்லைக் கேட்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்கள். அளவு தவறு என்று சொன்னால் டீ வாங்கி வந்து கொடுத்தார்கள்.

லீவு போட மறுத்தேன். வேறு யாரிடம் வாங்கினாலும், நான் ஏன் மறுத்தேன் என்பதை எழுதிக் கோப்பில் வைப்பேன் என்றேன். வேண்டாவெறுப்பாக இரண்டு நாள் கொடுத்தார். ஐந்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து, சரிவை மெல்ல மெல்லப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் காலை அவரையும் இழுத்துக்கொண்டு போய், அந்த இடத்தில் கழிகளை நட்டுக் கயிறு கட்டி, மண் எப்படி இறங்கும் என்று காட்டினேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

சந்தையில் பூப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மொபெட்டை நிறுத்தினார். கயிறுகளை ஒரு முறை சுற்றி வந்தார்.

"இது யாரு சார் போட்டது?"

நான்தான் என்றேன்.

"ஏற எறங்க நல்லாத்தேன் இருக்கு. மூட்டைய முன்னால வச்சுக் காலை அகட்டி ஓட்டுறோம், சட்டுன்னு ஊன முடியாது. இம்புட்டுச் சாய்ப்பு இருந்தா போதும். ஆனா மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?"

"ஓடைக்குத்தாம்மா."

"ஓடை அந்தப் பக்கமுல்ல கெடக்கு! மொத்தத் தண்ணியையும் எங்க பாதைக்குல்ல திருப்பி விட்டிருக்கீக. மொத மழைக்கே வழுக்கி விழணும். படிச்சவுகதான நீங்க?"

நண்பர் பதறிப்போய் அவரை ஓரமாக அழைத்து ஏதோ சொல்லப் போனார். என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். "விடுடா, அந்தம்மா பேசட்டும்" என்று தடுத்தேன்.

கயிறுகளை மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு சரிவை இன்னொன்றாக மாற்றும்போது நிலம் திருகிக்கொள்கிறது; திருகிய நிலத்தில் தண்ணீர் எப்பக்கம் ஓடும் என்று நான் யோசிக்கவே இல்லை. முதல் தவற்றை ஏற்றுக்கொண்ட அதே மென்பொருள் என் தவற்றையும் மறுப்பின்றி ஏற்றிருந்தது.

திரும்பும் வழியில் நண்பர் கேட்டார்: "அப்ப பழசையே அனுப்பிரலாமா?"

"ரெண்டுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போட்டதுலயுமா? நல்லா வந்து வாச்சடா எனக்கு!" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்த நாற்பது நாளில் என் எதிரே யாரும் சிரித்ததில்லை.

மேலும் இரண்டு நாள் ஆயிற்று. தாமதத்துக்கான வசவை அவர் வாங்கிக்கொண்டார். முப்பது மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, தண்ணீர் ஓடைப் பக்கம் இறங்கும்படி பரப்பை மாற்றினேன். பிறகே கையெழுத்திட்டேன். சாலை முடிந்து வந்த முதல் ஐப்பசி மழையில் போய் நின்று பார்த்தேன். பூ மூட்டைகளோடு மொபெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஒருவர்கூட வழுக்கிக் காலை ஊன்றவில்லை.

துக்கத்தில் இருப்பவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதை அறிய அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், அந்தப் பெண்மணியைப் போல அவன் கட்டிய கயிற்றைப் பாருங்கள் என்றுதான், இரக்கத்தோடு என்னை நெருங்குகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன்.