இலைச் சக்கைக் கஷாயம்

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவளைக் 'கண்ணாடியக்கா' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். வாய் திறக்க மாட்டாள். காது மட்டும் கூர்மை. அங்கே இலைகளை ஒரு திரவத்தில் ஊறப்போட்டு, வடித்த சாற்றைப் புற்றுநோய் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பார்கள். சாறு விட்ட தட்டில் செல்கள் பெருகவேயில்லை என்று ஆய்வை நடத்தும் மேடம் யாரிடமோ சொன்னது அவள் மனதில் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது.

அம்மாவை மார்பில் வந்த புற்று கொண்டுபோயிருந்தது. தங்கையோ பரிசோதனை என்றாலே பிடி கொடுக்காமல் நழுவினாள். அதனால், வடித்தபின் குப்பைக்குப் போகும் சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப்போய், உலர்த்திக் கஷாயம் வைத்தாள். தனக்கென்று ஒரு மடக்குகூட வைத்துக்கொள்ளாமல் தங்கைக்கே கொடுத்துவந்தாள்.

அன்று, புதிதாகச் சேர்ந்த பெண் வெறுங்கையால் சக்கையை அள்ளப்போனாள்.

"தொடாதே!" மேடம் கத்தினார். "மெத்தனால்ல ஊறினது. வயித்துக்குள்ள போனா கண்ணே போயிடும்."

கண்ணாடியக்கா கழுவிக்கொண்டிருந்த குடுவையை நுரையோடு தொட்டியில் போட்டாள். ஓடிப்போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேறு வழியில்லை, மேடம் முன்னால் போய் நின்றாள்.

"மேடம்... அந்தச் சக்கைய நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

"எதுக்கு, செடிக்குப் போடவா?"

"தங்கச்சிக்கு. புத்து வராம இருக்கட்டும்னு..."

மேடத்தின் முகம் வெளுத்தது. "தட்டுல இருக்கிற செல் வேற, மனுஷ உடம்பு வேற. சாறுலயே இன்னும் எதுவும் நிச்சயமாகல. காயவெச்சுக் கொதிக்கவெச்சதுல மெத்தனால் ஆவியாப் போயிருக்கலாம். ஆனா என்னால உறுதியாச் சொல்ல முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வீட்டில் தங்கை ஈரத்தலையோடு கதவைத் திறந்தாள். "குளிச்சிட்டிருந்தேன். ஏங்க்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"உனக்குக் கண்ணு தெரியுதாடி?"

"உன் மூக்கு மேல சோப்பு நுரை இருக்கு. அது வரைக்கும் தெரியுது."

ஆஸ்பத்திரியில், தங்கையின் ரத்தத்தில் கெடுதல் எதுவும் இல்லை என்று தெரிந்தபோது மாலையாகிவிட்டது. கஷாயம் கொடுத்த காரணத்தைக் கேட்ட டாக்டர், "வந்தது வந்தீங்க, மார்புப் பரிசோதனையையும் இன்னிக்கே முடிச்சிடலாமே" என்றார்.

தங்கையின் கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குக்கா. அதனாலதான் நீ குடுத்த கசப்பையெல்லாம் மறுபேச்சில்லாம குடிச்சேன்."

"எனக்கும்தான்டி. நானும் இதுவரைக்கும் பாத்துக்கல."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேருமா? யாரு முதல்ல வர்றீங்க?"

கண்ணாடியக்கா எழுந்தாள்.