பொத்தான் குதிரை

கதவை இரண்டு முறைதான் தட்டுவார். நடுவிரலின் முட்டியால், பலகைக்கு வலித்துவிடுமோ என்பது போல. தட்டிவிட்டு ஓரடி பின்வாங்கி, முகத்தை மாடிப்படிப் பக்கம் திருப்பிக்கொள்வார். கதவு திறக்கிறபோது உள்ளே அடுப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தன் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டுவிட்டால் பணம் கேட்க வாய் வராது. கேட்காமல் திரும்பினால் முதலாளி சும்மா விடமாட்டார்.

மூன்று கட்டடங்களுக்கும் ஒரே முதலாளி. வாடகை வசூலிக்க இவர் ஒருவர். குடியிருப்பவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு தட்டு’. அது அவருக்கும் தெரியும். “இன்னும் வேற பேரும் வச்சிருப்பாங்க. அது நம்ம காதுக்கு வர்ற வரைக்கும் சந்தோஷமா இருந்துக்குவோம்” என்பார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. வாடகை பாக்கிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களிடம் முதலில் அதைத்தான் நீட்டுவார். அவர்கள் உதறி, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து முடிப்பதற்குள் மூச்சுவிட ஒரு நிமிடம் கிடைக்குமாம்.

இவ்வளவு இளகின மனசுக்காரருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். வீட்டுக்காகத்தான். முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒன்றரை அறை. வேலை இருக்கும்வரை வாடகை கிடையாது. வேலை போனால் வீடும் போகும். மனைவிக்கு மூட்டுவலி, இனி ஒரு மாடி ஏறி இன்னொரு குடித்தனம் தொடங்க அவளால் ஆகாது. ஆகவே மனிதர் தட்டிக்கொண்டிருக்கிறார்.

வாரத்தில் ஒரு மதியம் மட்டும் அவர் கையில் வாள் இருக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடை விடுமுறை நாளில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளறையில் நான்கு பேர் கூடுகிறார்கள். அரசர்களும் கோட்டைகளும் இருந்த காலத்தில் வாழ்வதாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயாலேயே நடத்துகிற ஆட்டம். கடைக்காரர் நடுவர், மேசையில் விரித்திருக்கும் நாட்டுப்படம் அவர் கைப்பட வரைந்தது. மின்சார மீட்டர் பார்க்கிறவர் ஒரு வீரர். பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற பெண் மருத்துவச்சி. நம்மவரும் வீரர்தான். எது நடக்கும் என்று தெரியாத இடங்களில் பகடை உருண்டு தீர்ப்புச் சொல்லும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நீங்கள் சிரிக்கலாம். சீட்டில் இருக்கிற காகித ராஜாவுக்காகச் சொந்த வீட்டை விற்றவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

அவருடைய குதிரை ஒரு பழுப்புப் பொத்தான். மனைவியின் பழைய கோட்டிலிருந்து கழன்றது. பெயர் சீமாட்டி. அதை நாட்டுப்படத்தில் நகர்த்தும்போது நாக்கைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புவார். அந்தச் சத்தம் சில நாள் குளியலறையிலிருந்தும் வரும். “சீமாட்டி தீனி தின்னாச்சா?” என்று மனைவி வெளியிலிருந்து கேலி செய்வாள்.

பல வருடம் போரிட்டு, இரண்டு முறை சாகக்கிடந்து, கடைசியில் போன வருடம் அரசர் அவருக்கு ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தைக் கொடுத்தார். குதிரையும் வாளும் இருந்தால் வெறும் வீரன். நிலமும் கிடைத்துவிட்டால் நிலமானிய வீரன். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “நமக்கு நெலம் கெடச்சிருச்சு” என்றார். மனைவி ஒரு கணம் நம்பிவிட்டாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகம் இருந்த இருப்பை நினைத்து நெடுநாள் தன்னையே நொந்துகொண்டார்.

நிலம் வந்த கையோடு செலவும் வந்தது. வெறும் வீரனாக இருந்தவரை எல்லாம் அரண்மனைச் செலவு. இப்போது சீமாட்டிக்குத் தீனி, லாடம். கவசம் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய், அதைத் தேய்க்க ஓர் ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம். வெள்ளத்தில் போன பாலத்துக்கு மரம். போதாக்குறைக்கு அரசர் வருடம் ஒருமுறை பரிவாரத்தோடு வந்திறங்கி, வாரக்கணக்கில் தின்று தீர்த்துவிட்டுப் போவார். அதற்குப் பெயர் மரியாதை. அதற்கும் மேலே போர் வரி. “நெலம் வந்தா உக்காந்து சாப்பிடலாம்னு பாத்தேன். நெலம்தான் என்னைய உக்காந்து சாப்பிடுது” என்றார்.

இத்தனைக்கும் பணம் வர ஒரே வழி, கிராமத்து வீடுகளில் வசூல். முதல் அறுவடையில் எப்படியோ சமாளித்தார். இரண்டாவது அறுவடைக்குப் பகடையில் ஒன்று விழுந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. ஊரில் மிச்சம் இருந்தது விதைத் தானியம் மட்டும். அதை எடுத்தால் வீரரின் செலவு சரியாகிவிடும். அடுத்த வருடம் ஊர் பட்டினி கிடக்கும்.

அதே வாரம்தான் மூன்றாம் மாடியிலிருந்த தையல்காரம்மாவைக் காலி செய்யச் சொல்லி முதலாளியின் உத்தரவு வந்திருந்தது. இவர்தான் போய்த் தட்டினார். சாமான் இறக்க ஆள் போதவில்லை. பீரோவின் ஒரு முனையைத் தானே பிடித்து மூன்று மாடியும் இறக்கினார். கீழே வைத்ததும் அந்த அம்மாள், “பாத்துங்க, இடுப்பு பிடிச்சிக்கப்போகுது” என்றாள். அவள் திட்டித் தீர்த்திருந்தால் இவர் தாங்கியிருப்பார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த மனநிலையில்தான் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். விதைத் தானியத்தை எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டே இருக்க, மீட்டர்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “பேப்பர்ல இருக்கிற ஜனங்கதானே? எடுத்துக்கிட்டு மேல போங்க” என்றார்.

“பேப்பர்லயாவது நான் யார் வீட்டுக் கதவையும் தட்டாம இருந்துக்கிறேனே.”

சீமாட்டியை விற்றுவிட்டார். பொத்தானை எடுத்து, சட்டை நுனியில் ஒரு துடை துடைத்து, நடுவர் கையில் கொடுத்தார். பாலம், வரி, சம்பளம் எல்லாம் அடைந்தது. ஊர் பிழைத்தது. “இன்னிக்குத்தாண்ணே நீங்க வீரர் மாதிரி இருக்கீங்க” என்று டோக்கன் பெண் சொன்னதற்கு அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கேலி செய்யவில்லை. “யாருக்குக் குடுத்தீங்க? நல்லாப் பாத்துக்குவாங்களா?” என்று கேட்டாள்.

ஆனால் அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. குதிரை இல்லாதவன் வீரன் இல்லை. வீரன் அல்லாதவனுக்கு நிலம் இல்லை. அது அவருக்குத் தெரியாததல்ல. அரசரிடம் தவணை கேட்டால் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். அடுத்த வாரம் கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்து, அரசருக்காகப் பேசும் நடுவரின் எதிரில் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

“அடுத்த அறுவடை வரைக்கும் டைம் குடுங்கய்யா. எங்கயும் ஓடிப்போயிட மாட்டோம். இங்கதானே இருக்கப்போறோம்.”

மாடிமாடியாக, வருடக்கணக்கில் அவர் காதில் விழுந்த அதே பேச்சு. சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது போலும். மற்றவர்களைப் பார்க்காமல் உட்கார்ந்தார். நடுவருக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் அரசரின் மனசைப் பகடைதான் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் விதி அது. உருட்டினார். இரண்டு விழுந்தது. அரசர் மறுத்துவிட்டார்.

கிராமம் மீட்டர்காரருக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. ஆட்டத்தை ஆட்டமாக ஆடுகிறவர். அவருக்கும் குதிரை உண்டு, தீனிச் செலவு உண்டு. விதைத் தானியத்தை எடுக்கப்போவதாக முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்.

குதிரையும் போய், ஊரும் போய், விற்றதற்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. நம்மவர் முகம் செத்துவிட்டது. டோக்கன் பெண் தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்; அவர் தொடவில்லை. இனி இந்த மனிதர் வரமாட்டார் என்று நடுவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாவம், நல்ல எண்ணத்தில்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஆட்டத்தை விட்டுப் போயிடாதீங்க. புது வீரருக்கு வசூலுக்கு ஒரு ஆள் வேணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஊரு, பழக்கமான வேலை. நீங்களே இருங்களேன்.”

“வேணாம்னு சொன்னா?”

“சொன்னா, அந்த ஊர்ல நீங்க இருக்க எடமில்லையே.”

இந்தப் பதிலை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். சரி என்று தலையாட்டினார். நடுவர் உற்சாகமாக நாட்டுப்படத்தில் விரலை வைத்து, ஆற்றோரத்து முதல் வீட்டைக் காட்டினார். உள்ளே ஆள் இருக்கிறது என்றார்.

அவர் நடுவிரலை மடக்கி, அந்த வீட்டின் மேல், மேசைக்கு வலித்துவிடாமல் இரண்டு முறை தட்டினார். பிறகு நாற்காலியோடு ஓரடி பின்னுக்கு நகர்ந்து, பாதி இறங்கிய ஷட்டரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.