கத்தட்டும் அம்மா

சீனக்குடாவில் லொறியிலிருந்து கோதுமை மா மூட்டைகள் சரிந்து என் கணவரின் வயிற்றில் விழுந்துவிட்டன. நான் ஓடிப் போனபோது அவரைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள்.

"உள்காயம் போல கிடக்கு. இஞ்ச வெட்டிப் பாக்க ஏலாது. மினக்கெடாமல் டவுனுக்குக் கொண்டு போங்கோ" என்றார் அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி.

வழி முழுவதும் என் கணவர் அலறினார். கொஞ்சம் வாயை மூடினால் போதும் என்றிருந்தது எனக்கு.

பெரியாஸ்பத்திரியில் அன்று பஸ் விபத்தில் அடிபட்டவர்களும் கிடந்தார்கள். நர்ஸ் மிஸி இவரைப் பார்த்துவிட்டு, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த ஒருவரிடம் போனார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இவர் இந்தக் கத்துக் கத்துறார், உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்குது. கத்தட்டும் அம்மா. சத்தம் நிண்டால் உடனே கூப்பிடுங்கோ" என்றார், திரும்பாமலே.

அதன் பிறகு, கத்தச் சொல்லி நானே கெஞ்சினேன்.

"இஞ்சாருங்கோ, என்னை ஏசுங்கோ. என்னவாவது சொல்லுங்கோ."

அலறல் முனகலாயிற்று. நெற்றி சில்லிட்டிருந்தது. "தண்ணி" என்றார். பிறகு சத்தமே இல்லை.

"மிஸி!" என்று நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஒப்பரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தினார்கள். உள்ளிருந்து அவர் குரல் வருமா என்று கதவில் காதை வைத்தபடி நின்றேன்.

அவர் பிழைத்துவிட்டார். இப்போதும் கறியில் உப்புக் கூடினால் வீடு அதிரக் கத்துவார். பக்கத்து வீட்டார் என்னைப் பாவம் என்கிறார்கள். நானோ, அவர் சத்தம் கேட்காவிட்டால்தான் அடுப்பை விட்டு ஓடி வந்து எட்டிப் பார்க்கிறேன்.