கறார் அக்கா தலையாட்டிய ஆட்டம்

அந்தக் கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளே கிடையாது. எல்லாருக்கும் அவள் கறார் அக்கா. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு, "தானா விழுந்துச்சுக்கா" என்று எந்தப் பிள்ளையாவது வந்து நின்றால், "அதுக்கென்ன கால் முளைச்சுதா? உடைச்சேன்னு எழுதிட்டுப் போ" என்பாள். முதல்வரின் மகளையே எழுத வைத்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையானால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் கூடைப்பந்து அரங்கத்துக்குப் போவாள். புள்ளி எழுதும் மேசை பதினேழு வருஷமாக அவளுடையது. சம்பளமும் கிடையாது, சன்மானமும் கிடையாது. ஆனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

பெண்கள் அணியின் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தங்கை. இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, நாள் தவறாமல் ஒரு சண்டை. தங்கை சாப்பிட உட்கார்ந்தால் தம்ளரையும் உப்பு டப்பாவையும் அப்படியும் இப்படியும் நகர்த்தி, யார் எங்கே ஓட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள். "ஏண்டி, உப்பு டப்பாவுக்கா பயிற்சி கொடுக்கற? தின்னுட்டு எழுந்திரு" என்று அக்கா கத்துவாள். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களையெல்லாம், "எனக்கு ஏற்கெனவே பன்னிரண்டு பொண்ணுங்க, போதும் சாமி" என்று தங்கை விரட்டிவிட்டாள். அவளுக்கு உலகமே அந்தப் பன்னிரண்டு பேர்தான்.

அந்த உலகத்துக்குத்தான் நிர்வாகம் நாள் குறித்தது. பதினொரு கல்லூரிகள் மோதும் வட்டாரக் கோப்பையை இந்த வருஷமும் வாங்காவிட்டால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவார்களாம், பயிற்சியாளர் பதவியும் அதோடு முடிந்ததாம். கடிதத்தில் நான்கே வரி. எழுதினவன் கை விளங்குமா? தங்கை அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முட்டி மோதி, விழுந்து எழுந்து, அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. தங்கை அணி ஆடும் ஆட்டத்தில் தான் மேசையில் இருப்பது முறையில்லை என்று அக்கா எழுதியே கொடுத்தாள். எதிரணிப் பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கூடப் பொறந்தவளுக்கு ஒரு ஃபவுல் சேர்த்து எழுதற ஆளும்மா நீங்க. பேசாம உக்காருங்க."

அந்த மேசைமேல் சிவப்பு அம்பு ஒன்று உண்டு. மரத்தில் செய்தது. இரண்டு பெண்கள் ஒரே பந்தைக் கட்டிக்கொண்டு, நீயும் விடாதே நானும் விடமாட்டேன் என்று கிடந்தால், நடுவர் விசில் ஊதிவிட்டு அந்த அம்பைப் பார்ப்பார். அது காட்டும் அணிக்குப் பந்து. கொடுத்த கையோடு அம்பை மறுபக்கம் திருப்ப வேண்டும், அடுத்த முறை மற்றவர்களுக்கு. ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது பந்து யாருக்கு என்பதும் இதே அம்பு, இதே முறைதான். திருப்புவது அக்காவின் வேலை.

நான்காவது, கடைசிப் பகுதி தொடங்கியபோது அம்பு நம் பக்கம், அதாவது தங்கை அணியின் பக்கம் காட்டியது. நமக்குப் பந்து கொடுத்தார்கள். அக்கா அம்பின்மேல் கையை வைத்தாள். அதே நொடியில் விசில். நம் அணியின் நெட்டைப் பெண்ணுக்கு நான்காவது ஃபவுல், இன்னும் ஒன்று என்றால் வெளியே. "ஐயோ, போச்சு!" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் அக்காவின் கை அம்பை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தது. எழுதினாள். அடுத்து ஒரு ஆள்மாற்று, அதையும் எழுதினாள். அம்பு திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிய ஏழு விநாடி. எதிரணி அறுபத்தொன்று, நாம் அறுபது. பந்து அவர்கள் கையிலிருந்து நழுவியது. நம் அணியில் பட்டாசு என்று கூப்பிடும் குள்ளப் பெண் அதன்மேல் பாய்ந்தாள், எதிரணிப் பெண்ணும் பாய்ந்தாள், இரண்டு பேரும் பந்தோடு தரையில் உருண்டார்கள். விசில். நடுவர் மேசைப் பக்கம் திரும்பினார். அம்பு நம் பக்கம் காட்டியது.

அரங்கமே கூரை பறக்கக் கத்தியது. பந்து நமக்கு என்றதும் தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்காவும் அம்பைப் பார்த்தாள். போன தடவை வாங்கியது நாம்தானே? இது அவர்கள் பந்து. வலது கைக்குக் கீழேயே, நடுவரைக் கூப்பிடும் ஹாரன் இருந்தது. பந்து உள்ளே வருவதற்குள் ஒரு தடவை அழுத்தினால் போதும், தப்பு சரியாகிவிடும்.

எதிரணிப் பெண் எழுந்துகொண்டே, "சார், எங்களுக்குத்தானே வரணும்?" என்றாள்.

அவளுடைய பயிற்சியாளரே அவளை அடக்கினார். "அது கறார் அக்கா மேசைடி. போய் உன் ஆளைப் பிடி."

நடுவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம். அருகில் வந்தார். "சரிதானேக்கா?"

பதினேழு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்திருந்த தங்கையை ஒரு தடவை பார்த்தாள். தலையாட்டினாள்.

பந்து உள்ளே வந்தது. அக்கா அம்பைத் திருப்பினாள், இந்தத் தடவை மறக்கவில்லை. பட்டாசு இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடி, எகிறி, எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் உருண்டது. கடவுளே, கடவுளே என்று அக்காவின் உதடு முணுமுணுத்தது. பந்து வெளியே விழுந்தது. மணி அடித்தது.

அவ்வளவுதான். அறுபத்தொன்று, அறுபது என்று எழுதி அடியில் கோடு போட்டாள். கோடு கோணிக்கொண்டு போனது.

பயிற்சியாளரின் கையெழுத்து வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் பன்னிரண்டு பெண்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த தங்கை அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுதுக்கா. எல்லாம் முடிஞ்சுது."

"அடியே, அந்தக் கடைசிப் பந்து..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அதைத்தான் இவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றாள் தங்கை. முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் குரல் தெளிவாக இருந்தது. "வேற யாராவது அந்த மேசையில இருந்திருந்தா, நமக்கு ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டாங்கன்னு சாகற வரைக்கும் பொருமிட்டே இருந்திருப்பேன். நீ இருந்தே. ஒழுங்கா ஆடித் தோத்தோம். அது ஒண்ணுதான்க்கா எனக்கு மிச்சம்."

சுவரோரம் இருந்த பெண்கள் எல்லாரும் அக்காவையே பார்த்தார்கள். பட்டாசுகூட அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏதோ சொல்ல வந்தியே, என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி" என்றாள் அக்கா. "கையெழுத்துப் போடு."